பழைய டேப்பைப் படிக்க எந்த டிரைவ் வாங்குவது?

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அச்சகம் ஒன்றில் கணினி, நெட்வேர்க், பிரிண்டர் எல்லாமே அவர் பொறுப்பு. கடிதம் நீளமானது, தேவையான பகுதியை மட்டும் இங்கே தருகிறேன். அதில் வரும் எல்டிஓ என்பது கணினித் தரவை நகலெடுத்து வைக்கும் காந்த நாடா வகை ஒன்று, பக்கத்தில் வரும் எண் அதன் தலைமுறை.

“அண்ணா, எங்கள் அச்சகத்தில் 2006இல் இருந்து பேக்கப் எல்லாம் டேப்பில்தான். முன்பு பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அலுமாரியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன்: எல்டிஓ-3 நாடா 14, எல்டிஓ-4 நாடா 22, எல்டிஓ-5 நாடா 9. இன்னும் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாகச் சின்ன நாடா 6 இருக்கிறது, டிடிஎஸ்-4 என்று போட்டிருக்கிறது. இருந்த எல்டிஓ-5 டிரைவ் போன மாதம் ஒரு நாடாவை உள்ளே இழுத்தது, வெளியே விடவில்லை, இப்போது அசைவே இல்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கேட்டேன், புது எல்டிஓ-8 டிரைவ் எடுங்கள், பழையது எல்லாம் படிக்கும் என்கிறார்கள். முதலாளியின் மருமகன் டுபாயில் இருந்து சீல் உடைக்காத எல்டிஓ-7 நாடா 10 கொண்டுவந்து தந்திருக்கிறார், அதையும் பாவிக்க வேண்டுமாம். 2010இல் நாங்கள் அடித்த பாடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை மறுபதிப்புச் செய்யச் சொல்லி வாடிக்கையாளர் வந்து நிற்கிறார். எந்த டிரைவ் எடுப்பது? அல்லது டேப்பை விட்டுவிட்டு கிளவுட்டுக்குப் போகலாமா?”

தம்பி, முதல் வேலையாகக் கடையில் முற்பணம் கட்டுவதை நிறுத்துங்கள். எல்டிஓ-8 டிரைவ் உங்கள் அலுமாரியில் இருக்கும் 45 எல்டிஓ நாடாவில் ஒன்றைக்கூடப் படிக்காது. அது எழுதுவதும் படிப்பதும் எல்டிஓ-8, எல்டிஓ-7 இரண்டை மட்டும்தான்.

கடைக்காரர் உங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. இந்தத் துறையில் நீண்ட காலம் ஒரு விதி இருந்தது: எந்த எல்டிஓ டிரைவும் தன் தலைமுறை நாடாவிலும் அதற்கு ஒரு தலைமுறை முந்திய நாடாவிலும் எழுதும், இரண்டு தலைமுறை முந்திய நாடாவைப் படிக்க மட்டும் செய்யும். 2000இல் எல்டிஓ-1 வந்ததில் இருந்து 2015இல் வந்த எல்டிஓ-7 வரை இந்த விதி மாறவில்லை. 2017இல் எல்டிஓ-8 வந்தபோதுதான் உடைந்தது. படிக்கும் தலையின் தொழில்நுட்பமே மாறியதால் இரண்டு தலைமுறை பின்னால் போவதைக் கைவிட்டார்கள், எல்டிஓ-6 நாடாவைக்கூட எல்டிஓ-8 தொடாது. 2021இல் வந்த எல்டிஓ-9உம் அப்படியே, 9ம் 8ம் மட்டும். 2025இல் வந்த எல்டிஓ-10 இன்னும் ஒரு படி போய், தன் நாடாவைத் தவிர வேறு எதையும் ஏற்பதில்லை. பழைய விதியை மனதில் வைத்திருக்கும் பலர் இன்னும் “பழையது எல்லாம் படிக்கும்” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பழைய விதியின்படி பார்த்தாலும் எல்டிஓ-8 ஆல் எல்டிஓ-6 வரைதான் போயிருக்க முடியும், உங்கள் 3ம் 4ம் 5ம் எப்படியும் வெளியேதான்.

ஆக்களைக் குழப்புவது என்னவென்றால் எல்லாத் தலைமுறை கார்ட்ரிட்ஜும் வெளித்தோற்றத்தில் ஒரே அளவு. பத்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடிய சதுரம், இரண்டு சென்டிமீட்டர் தடிப்பு, உள்ளே ஒரே ஒரு சுருள், அரை அங்குல நாடா. எதை எதற்குள் தள்ளினாலும் போகும். ஆனால் அந்த அரை அங்குலத்தில் எல்டிஓ-3 டிரைவ் 704 தடங்கள் எழுதுகிறது, எல்டிஓ-8 டிரைவ் 6,656 எழுதுகிறது. உள்ளே போவதற்கும் படிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. நிறத்தையும் நம்பாதீர்கள், நீலம் என்றால் இது, பச்சை என்றால் அது என்று பொது நியமம் எதுவும் கிடையாது, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி நிறம் கொடுத்திருக்கிறார். கார்ட்ரிட்ஜின் மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், அல்லது பார்கோட் லேபிள் ஒட்டியிருந்தால் கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள், எல்3, எல்4, எல்5 என்று முடியும். லேபிளை யாராவது கையிருப்பில் இருந்ததை எடுத்து மாற்றி ஒட்டியிருக்கவும் கூடும், அதனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, 45ஐயும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். அந்தத் தாள் பிறகு நிறைய நேரம் மிச்சப்படுத்தும்.

பொருந்தாத நாடாவைத் தவறிப் போட்டுவிட்டால் பயப்பட ஒன்றும் இல்லை. கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன நினைவகச் சிப் இருக்கிறது, டிரைவ் அதைப் படித்துத் தலைமுறையைத் தெரிந்துகொண்டு, ஏற்க முடியாது என்றால் வெளியே தள்ளிவிடும்.

சரி, உங்களுக்கு வேண்டிய டிரைவ் எது? எல்டிஓ-4 டிரைவ் 2, 3, 4 படிக்கும், உங்கள் 9 எல்டிஓ-5 நாடா வெளியே நின்றுவிடும். எல்டிஓ-6 டிரைவ் 4, 5, 6 படிக்கும், 14 எல்டிஓ-3 நாடா வெளியே. எல்டிஓ-7 என்றால் 5, 6, 7, அதாவது 36 நாடா வெளியே. மூன்றையும் படிப்பது ஒரே ஒரு தலைமுறைதான், எல்டிஓ-5. செத்துப்போன டிரைவ் எதுவோ அதேதான். புதிதாக இனிக் கிடைக்காது, பாவித்தது ஒன்றைத் தேடித்தான் எடுக்க வேண்டும். முதலாளிக்கு இதைச் சொல்லப் போனால் “பழைய சாமானுக்கா காசு?” என்று கேட்பார். ஆமாம், பழைய சாமானுக்குத்தான், ஏனென்றால் அவருடைய பழைய வேலைகள் அதில்தான் இருக்கின்றன. புது டிரைவ் வாங்குவதா இல்லையா என்பது வேறு கேள்வி, அதைப் பிறகு பார்ப்போம். படிப்பதற்கு ஒரு டிரைவ், இனிமேல் எழுதுவதற்கு ஒரு டிரைவ் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் உங்கள் தலையிடி பாதி குறையும். ஒன்றே இரண்டையும் செய்ய வேண்டும் என்று தேடினால் இரண்டையும் ஒழுங்காகச் செய்யாத ஒன்றைத்தான் வாங்குவீர்கள்.

அதற்கு முன் செத்த டிரைவுக்குள் சிக்கியிருக்கும் நாடா. தயவுசெய்து ஸ்குரூடிரைவர் வைத்துத் தோண்டாதீர்கள். டிரைவுக்கு மின்சாரத்தை நிறுத்தி, சில நிமிடம் விட்டு மறுபடி கொடுங்கள். உயிர் இருந்தால் அது தானாகவே நாடாவைச் சுற்றத் தொடங்கும், நாடாவின் நடுவில் நின்றிருந்தால் திரும்பிச் சுற்றி முடிக்கப் பல நிமிடம் எடுக்கும், அவசரப்பட்டு மறுபடி நிறுத்த வேண்டாம். ஒன்றும் நடக்காவிட்டால் எஜெக்ட் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் டிரைவைத் திறந்து கையால் சுற்றி எடுக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், கொடுக்கும்போது “நாடாவை வெட்டாமல் எடுக்க வேண்டும், டிரைவ் போனாலும் பரவாயில்லை” என்று தெளிவாகச் சொல்லுங்கள். திருத்துபவர்கள் வழக்கமாக டிரைவைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள், உங்களுக்குப் பெறுமதியானது உள்ளே இருக்கும் நாடா.

பாவித்த எல்டிஓ-5 டிரைவ் எடுக்கும்போது பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, இதில்தான் பணம் வீணாகும். ஒன்று, இணைப்பு வகை. உங்கள் சர்வரில் சாஸ் (டிஸ்க், டேப் டிரைவுகளை மாட்டும் ஒரு வகை இணைப்பு) கார்ட் இருந்தால் சாஸ் டிரைவ்தான் வேண்டும். வெளிநாட்டு ஏல விற்பனைகளில் மலிவாகத் தெரியும் பல டிரைவுகள் ஃபைபர் சேனல் வகை, பெரிய டேப் லைப்ரரிகளில் (பல நாடாக்களைத் தானாக மாற்றிப் போடும் இயந்திரங்களில்) இருந்து கழற்றியவை. அவற்றுக்கு வேறு கார்ட் வேண்டும், அதோடு லைப்ரரிக்காகவே செய்த டிரைவ் தனியாக மேசையில் வைத்தால் இயங்காமலும் போகலாம். விலையைப் பார்த்து மயங்காதீர்கள். “இன்டர்னல், ஹாஃப் ஹைட், சாஸ்” அல்லது “எக்ஸ்டர்னல், சாஸ்” என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், கேபிளின் முனை உங்கள் கார்டின் முனையோடு பொருந்துகிறதா பாருங்கள், வெளிப்புற சாஸ் முனையிலேயே பழையது புதியது என்று வேறு வேறு வடிவம் இருக்கிறது. அப்புறம், ஹார்ட் டிஸ்க்குகளைக் கோர்த்திருக்கும் ரெய்டு கார்டிலேயே டேப் டிரைவையும் மாட்டலாம் என்று நினைக்க வேண்டாம், பல ரெய்டு கார்டுகள் டேப்பைக் கண்டுகொள்வதே இல்லை. டிரைவை நேராக இணைக்கும் சாதாரண எச்பிஏ கார்ட் ஒன்று தனியாகப் போடுங்கள், அது பெரிய செலவு இல்லை.

கடையில் வைத்தே பரிசோதிக்கக் கேளுங்கள். எச்பி டிரைவ் என்றால் லைப்ரரி அண்ட் டேப் டூல்ஸ் என்ற மென்பொருளும் ஐபிஎம் டிரைவ் என்றால் ஐடிடிடி என்பதும் இலவசமாகவே கிடைக்கின்றன. டிரைவ் எவ்வளவு ஓடியிருக்கிறது, தலை எந்த நிலையில் இருக்கிறது, எழுதிப் படிக்கும்போது பிழை வீதம் என்ன என்பதெல்லாம் அவற்றில் தெரிந்துவிடும். எழுதும் சோதனைக்கு உங்கள் பெறுமதியான நாடாவைக் கொண்டுபோக வேண்டாம், வெறும் எல்டிஓ-5 நாடா ஒன்றை எடுத்துப் போங்கள். எல்டிஓ-4 வெறும் நாடாவும் சரி. ஆனால் எல்டிஓ-3 நாடாவில் எல்டிஓ-5 டிரைவ் எழுதாது, அதை வைத்துச் சோதித்துவிட்டு டிரைவ் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

டிரைவ் வந்துவிட்டது என்று வையுங்கள். உடனே நாடாவை உள்ளே தள்ள வேண்டாம். ஒவ்வொரு கார்ட்ரிட்ஜையும் கையில் எடுத்து, முதலில் எழுத்துத் தடுப்புப் பொத்தானைப் பூட்டு அடையாளம் தெரியும் பக்கத்துக்குத் தள்ளுங்கள். பேக்கப் மென்பொருள் சில நேரம் தெரியாத நாடாவைக் கண்டால் “இதைப் புதிதாகத் தயார்செய்யவா” என்று கேட்கும், களைப்பில் ஆம் என்று அழுத்திவிட்டால் அந்த நாடா போனதுதான். பிறகு கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கதவை விரலால் மெதுவாகத் தள்ளித் திறந்து பாருங்கள். நாடாவின் நுனியில் ஒரு சின்ன உலோக ஊசி, இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தபடி நேராக நிற்க வேண்டும். டிரைவ் அந்த ஊசியைப் பிடித்துத்தான் நாடாவை வெளியே இழுக்கிறது. எப்போதோ கீழே விழுந்த கார்ட்ரிட்ஜில் இந்த ஊசி ஒரு பக்கம் கழன்று சரிந்திருக்கும், அதை அப்படியே உள்ளே போட்டால் நாடாவும் போகும், தேடி எடுத்த டிரைவும் போகும். உங்கள் பழைய டிரைவ் நாடாவை விழுங்கிவிட்டு நின்றதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

கதவைத் திறக்கும்போது நாடாவின் ஓரத்தையும் ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள், டிரைவுக்குள் போடவே கூடாது. ஒரு பூஞ்சண நாடா தலையை அழுக்காக்கினால் அதற்குப் பின் போடும் நல்ல நாடாவுக்கும் அந்த அழுக்குத்தான் போகும். நம் ஊரில் இது பெரிய பிரச்சினை. நாடா 30 வருடம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது 16 முதல் 25 பாகை வெப்பம், 20 முதல் 50 வீதம் ஈரப்பதன் உள்ள அறையில் வைத்திருந்தால்தான். கொழும்பில் பெரும்பாலான நாட்களில் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல். பகலில் ஏசி, இரவில் ஏசியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவது என்று இருக்கும் கந்தோரில் நாடா தினமும் குளிர்ந்து, சூடாகி, வியர்க்கிறது. கொட்டாஞ்சேனையில் துறைமுகமும் பக்கம், உப்புக் காற்றுக்கும் குறைவில்லை. அலுமாரி ஏசி அறைக்கு வெளியே இருந்தால், படிக்கப்போகும் நாடாக்களை முதல் நாளே டிரைவ் இருக்கும் அறையில் கொண்டுவந்து வைத்து, 24 மணித்தியாலம் அந்த அறையின் குளிருக்குப் பழகவிட்டு அடுத்த நாள் போடுங்கள்.

கிளீனிங் கார்ட்ரிட்ஜ் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். எல்டிஓவுக்கு எல்லாத் தலைமுறைக்கும் பொதுவான யுனிவர்சல் வகை இருக்கிறது, பொருந்துமா என்று யோசிக்க வேண்டியதில்லை. டிரைவ் விளக்குக் காட்டிக் கேட்கும்போது போட்டால் போதும், நாளுக்கு ஒரு தரம் போட்டால் தலை தேய்ந்துவிடும். இன்னொன்று, வெறுமையாக்கி மறுபடி பாவிக்கலாம் என்று யாராவது பெரிய காந்த அழிப்பானைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தொழிற்சாலையில் எழுதிய சர்வோ தடங்களைப் பார்த்துத்தான் டிரைவ் வழி பிடிக்கிறது, காந்தம் அவற்றையும் அழித்துவிடும், அதன் பிறகு அந்த நாடா எந்த டிரைவிலும் ஓடாது.

இனி, டிரைவும் நாடாவும் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று இல்லை. எழுதிய மென்பொருள் எது என்று தெரிய வேண்டும். 2006 என்கிறீர்கள், அப்போது விண்டோஸ் சர்வர் 2003 ஓடியிருந்தால் அதோடு வந்த என்டிபேக்கப்பில் எழுதியிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. சர்வர் 2008இல் இருந்து விண்டோஸின் சொந்த பேக்கப் கருவி டேப்பையே கைவிட்டுவிட்டது, அதனால் இன்றைய சர்வரில் டிரைவை மாட்டினால் டிரைவ் தெரியும், உள்ளே இருப்பதைத் திறக்க வழி இருக்காது. பழைய ஆளுக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள்: எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, நிறுவும் சிடியும் லைசென்ஸ் இலக்கமும் எங்கே, என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) போட்டிருந்தாரா, போட்டிருந்தால் கடவுச்சொல் என்ன. எல்டிஓ-4 இல் இருந்து டிரைவே என்கிரிப்ட் செய்யும் வசதி இருக்கிறது, அதைப் போட்டிருந்து சாவி தொலைந்திருந்தால் எந்த நிபுணராலும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு அழைப்பை டிரைவ் வாங்குவதற்கு முன்னமே எடுத்துவிடுங்கள்.

மென்பொருள் கிடைக்காவிட்டாலும் கைவிட வேண்டாம். நான் செய்யும் முறை இது: லினக்ஸ் போட்ட ஒரு கணினியில் டிரைவை மாட்டி, நாடாவில் உள்ளதை முதலில் இருந்து கடைசி வரை அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடுவது. உள்ளே என்ன, யார் எழுதியது என்றெல்லாம் அப்போது யோசிப்பதில்லை. நாடா ஒரே ஒரு தரம் ஓடுகிறது, டிரைவும் அதிகம் தேய்வதில்லை, அதன் பிறகு டிஸ்க்கில் இருக்கும் நகலோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் மல்லுக்கட்டலாம். என்டிபேக்கப் எழுதும் வடிவத்தை லினக்ஸில் பிரித்தெடுக்க எம்டிஎஃப்டார் என்ற இலவசக் கருவி இருக்கிறது. நகலெடுக்கும்போது ஒரு விஷயம் மட்டும் கவனம்: எழுதிய பிளாக் (ஒரு தரத்தில் எழுதும் துண்டு) அளவை விடச் சின்ன அளவு கொடுத்துப் படித்தால் பிழை காட்டி நின்றுவிடும், பலர் அந்த இடத்தில் நாடா பழுது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அளவைக் கூட்டிப் பாருங்கள்.

மறுபதிப்புக்குக் கேட்கும் வாடிக்கையாளரின் வேலை 2010 என்றால் அந்தக் காலத்து நாடாக்களை முதலில் எடுங்கள். எல்டிஓ-5 அந்த வருடம்தான் சந்தைக்கே வந்தது, அதனால் அது பெரும்பாலும் உங்கள் எல்டிஓ-3, எல்டிஓ-4 குவியலில்தான் இருக்கும். ஃபைல் கிடைத்து அதைத் திறக்கும்போது இன்னொரு சிக்கல் வரும், இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். அந்தக் காலத்துத் தமிழ் வேலைகள் நம் அச்சகங்களில் பெரும்பாலும் பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் செய்தவை. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0, அதற்குப் பிறகு வரவே இல்லை. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில் சிஎஸ்6 பதிப்பு வரை அந்த ஃபைலைத் திறக்கலாம், அதற்குப் பின் வந்த பதிப்புகளில் முடியாது. பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்த எழுத்துரு என்பதால் அதே எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். பார்த்ததும் ஃபைல் கெட்டுவிட்டது என்று முதலாளி நினைப்பார். கெடவில்லை. அந்த வேலையின் ஃபோல்டருக்குள்ளேயே எழுத்துரு இருக்கிறதா பாருங்கள், அதையும் நாடாவில் இருந்து எடுத்துப் போடுங்கள். பாமினி என்ற பெயரிலேயே சின்னச் சின்ன வேறுபாட்டோடு பல ஃபைல்கள் உலாவுகின்றன, எழுத்து அகலம் கொஞ்சம் மாறினாலும் வரிகள் உடைந்து பக்க எண்ணிக்கையே கூடிவிடும். எடுத்தவுடன் ஒவ்வொரு வேலையையும் பிடிஎஃப் ஆக்கி அதன் பக்கத்திலேயே சேமித்து வையுங்கள், அடுத்த தரம் கேட்கும்போது இந்த அலைச்சல் இருக்காது.

அந்த 6 சின்ன நாடா. டிடிஎஸ்-4 வேறு குடும்பம், எல்டிஓவோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒன்றில் 20 கிகாபைட், அவ்வளவுதான். டிடிஎஸ்-4 டிரைவ் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் அதே குடும்பத்தில் அடுத்து வந்த டேட்-72 டிரைவ் தேடுங்கள், அது டிடிஎஸ்-3, டிடிஎஸ்-4 இரண்டையும் படிக்கும், எச்பி அதில் யுஎஸ்பி வகையும் செய்தது, கார்ட் தேட வேண்டிய தொல்லை இல்லை. டேட்-320 என்று ஒன்றைக் காட்டினால் வாங்காதீர்கள், அது இவற்றைப் படிக்காது. உண்மையைச் சொன்னால், முதலில் அந்த நாடாக்களின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 2006க்கு முந்திய கணக்கு வேலைகளாக மட்டும் இருந்து யாருக்கும் தேவையில்லை என்றால் டிரைவ் தேடி அலையவே வேண்டாம்.

இப்போது டுபாயில் இருந்து வந்த 10 எல்டிஓ-7 நாடா. அவற்றுக்கு எல்டிஓ-7 டிரைவ் சரி, எல்டிஓ-8 டிரைவும் சரி, இரண்டும் எழுதும். எல்டிஓ-9 எடுத்தால் அந்தப் பத்தும் வீண். எல்டிஓ-8 எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. புத்தம் புது எல்டிஓ-7 நாடாவை எல்டிஓ-8 டிரைவில் 9 டெராபைட் கொள்ளும்படி தயார்செய்யும் ஒரு வசதி இருக்கிறது, டைப் எம் என்பார்கள், லேபிளில் எம்8 என்று வரும். 6 டெராபைட் நாடாவில் 9 என்றால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிச் செய்த நாடாவை எல்டிஓ-7 டிரைவும் படிக்காது, எல்டிஓ-9 டிரைவும் படிக்காது, உலகத்தில் எல்டிஓ-8 மட்டுமே படிக்கும். இன்று நீங்கள் எல்டிஓ-5 தேடி அலைவது போல் நாளைக்கு இன்னொரு தம்பி அலைய வேண்டாம், 6 டெராபைட்டாகவே பாவியுங்கள். பெட்டியில் 15 டெராபைட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துச் சொல்லும் கணக்கு. உங்களிடம் இருப்பது ஜேபெக்கும் பிடிஎஃப்பும், அவை ஏற்கெனவே சுருங்கியவை.

ஆனால் புது டிரைவை இப்போது வாங்க வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். உங்கள் நாடாக்கள் எல்லாமே நிரம்பியிருந்தால்கூட மொத்தம் 37 டெராபைட்டுக்குள். அதில் பெரும் பகுதி ஒரே ஃபைலை வாராவாரம் திரும்பத் திரும்ப எழுதியதாகத்தான் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு எடுங்கள், ஒரே ஃபைலின் நகல்களை நீக்குங்கள், பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். மிஞ்சுவது 4, 5 டெராபைட் என்றால் இரண்டு நல்ல ஹார்ட் டிஸ்க், ஒன்று அச்சகத்தில், ஒன்று முதலாளி வீட்டில், அதோடு முக்கிய வேலைகளுக்குக் கிளவுட் என்று வைத்தாலே போதும், புது டேப் டிரைவின் விலை அந்த அளவுக்குத் தகாது. 20, 25 டெராபைட் மிஞ்சி, ஒவ்வொரு வருடமும் கூடிக்கொண்டு போகிறது என்றால் டேப்தான் நியாயம். கிளவுட்டுக்கு மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும், அவ்வளவையும் திருப்பி இறக்கும்போது அதற்கு வேறாகக் கட்டணம் அறவிடும் சேவைகளும் உண்டு. டேப்பில் இன்னொரு நன்மை, அலுமாரியில் இருக்கும் நாடாவை ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) தொட முடியாது, நெட்வேர்க்கில் எப்போதும் மாட்டியிருக்கும் பேக்கப் டிஸ்க்கை அது முதலில் தேடிப் பிடிக்கும். அதனால்தான் நான் இன்றைக்கும் டேப் பக்கம் நிற்கிறேன்.

டேப்தான் என்று முடிவானால், சர்வரில் இருக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நெட்வேர்க் வழியே நேராக நாடாவுக்கு எழுத வேண்டாம். எல்டிஓ-7, எல்டிஓ-8 டிரைவ் விநாடிக்கு 300 மெகாபைட் எழுதக்கூடியது, உங்கள் கிகாபிட் நெட்வேர்க் 110ஐத் தாண்டாது. டிரைவ் ஓரளவுக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் கீழே போனால் நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி தொடங்கி என்று நாடாவை முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருக்கும். அந்தக் கணினியிலேயே ஒரு எஸ்எஸ்டியில் முதலில் சேர்த்து, அங்கிருந்து ஒரே ஓட்டமாக எழுதுங்கள். யுபிஎஸ் இல்லாமல் எழுத வேண்டாம், 2022 மின்வெட்டில் பட்டது போதும். வடிவம் எல்டிஎஃப்எஸ் அல்லது டார், இரண்டும் எந்த ஒரு கம்பனிக்கும் கட்டுப்படாத திறந்த வடிவங்கள், மென்பொருளைத் தேடி யாருக்கும் அழைப்பு எடுக்க வேண்டி வராது. ஒவ்வொரு நாடா பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுத் தாளில் எந்தத் தலைமுறை டிரைவில், எந்த வடிவத்தில், எந்தத் திகதியில் எழுதியது என்று தமிழில் எழுதி வைத்துவிடுங்கள்.

பம்பலப்பிட்டிக் கடைக்கு மறுபடி போகும்போது “எல்டிஓ-5, சாஸ், தனியாக இயங்கும் டிரைவ், பாவித்தது, எங்கள் எல்டிஓ-3 நாடா ஒன்றையும் எல்டிஓ-5 நாடா ஒன்றையும் உங்கள் கண் முன்னால் படித்துக் காட்ட வேண்டும், படிக்காவிட்டால் பணம் திருப்பி” என்று கேளுங்கள், அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்தச் சோதனைக்கு எல்டிஓ-3 நாடாக்களில் ஆகப் பழையதும் ஆகத் தேவையில்லாததுமான ஒன்றை எடுத்துப் போங்கள், எழுத்துத் தடுப்பைப் பூட்டிக்கொண்டு. அந்தக் கடையில் கிடைக்காவிட்டால், டிரைவ் வாங்காமல் இந்த 45ஐயும் படித்துத் தரும் ஆளிடம் கொடுப்பது என்ன செலவாகும் என்றும் விசாரியுங்கள், ஒரு தர வேலைதானே, சில நேரம் அது மலிவாக முடியும். கொடுப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடாமல் முதலில் இரண்டு நாடா மட்டும் கொடுத்துப் பாருங்கள்.